மருந்தா, மஞ்சமா? சென்னையில் நடந்த ஒரு காசநோய்ச் சோதனையின் வரலாறு

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே செல்லும் மின்சார ரயில், தாம்பரத்தை அடைவதற்கு ஒரு நிலையம் முன்னதாக, 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர்ப்பலகையின் எதிரே நின்று செல்கிறது. அங்கே நாள்தோறும் ஏறி இறங்கும் ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் அதை ஓர் ஊரின் பெயர் என்றே எண்ணியிருக்கக்கூடும். க்ஷயரோகிகளை ஊரைவிட்டு ஒதுக்கி, மரநிழலிலும் திறந்த காற்றிலும் மாதக்கணக்கில் படுக்கவைத்துக் குணப்படுத்த முயன்ற ஒரு காலத்தின் சின்னம் அந்தப் பெயர். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து என்பவர் சில படுக்கைகளுடன் தொடங்கிய அந்தச் சிகிச்சாலயம் 1937-இல் சென்னை சர்க்காரின் கைக்கு வந்தது.

சௌரிமுத்து அதற்கு முன்பு இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளின் மீது ஒரு சானடோரியத்தை நடத்தியவர். 1914-இல் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குப் பயணம் செய்த அதே கப்பலில் அவரும் பயணம் செய்தார். மூன்று ஆண்டுகள் கழித்து ராமானுஜன் நோயாளியாகி அந்த மெண்டிப் குன்றுச் சிகிச்சாலயத்திலேயே அவருடைய பராமரிப்பில் தங்க நேர்ந்தது விதியின் வினோதங்களில் ஒன்று. ராமானுஜனுக்கு வந்தது க்ஷயம்தானா என்பதைப் பிற்கால வைத்தியர்கள் ஐயுற்றார்கள் என்றாலும், அக்காலத்து வைத்தியர்கள் அப்படித்தான் கருதினார்கள். குளிர்ந்த காற்று, ஓய்வு, போஷாக்கு என்ற மூன்றையும்தான் அவருக்கு விதித்தார்கள். ஊருக்குத் திரும்பிய அவர் 1920 ஏப்ரலில் சேத்துப்பட்டில் காலமானார். அதே சேத்துப்பட்டில், முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த மூன்று விதிகளையும் ஒருசேர விசாரணைக்கு உட்படுத்திய ஒரு நிலையம் தோன்றியது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

சானடோரியம் என்ற எண்ணம் ஜெர்மனியில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹெர்மன் பிரெமர் என்ற வைத்தியர் மலைப்பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் அமைத்த ஆரோக்கிய சாலை உலகெங்கும் முன்மாதிரியாயிற்று. நம் பக்கத்தில், அக்காலச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த மதனப்பள்ளியை அடுத்து, பிரிமோட் மோலர் என்ற டேனிஷ் வைத்தியரின் முயற்சியால் மிஷன் சபைகள் பல ஒன்றுகூடி அமைத்த ஆரோக்கியவரம் அந்த வழியில் எழுந்ததே. நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும். அவனுக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் குறைவின்றிக் கொடுக்க வேண்டும். அவன் மூச்சுக்காற்று குடும்பத்தார் மீது படாதவாறு அவனைப் பிரித்து வைக்க வேண்டும். இவ்வளவும் செய்து பயன் தெரியாவிட்டால், விலாவுக்கும் நுரையீரலுக்கும் இடையே ஊசிமூலம் காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருங்கச் செய்வார்கள். அதற்கும் மசியாவிட்டால் விலா எலும்புகளையே வெட்டி எடுப்பார்கள். இந்த முறைகளால் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் முறையினால் பிழைத்தார்களா, முறையையும் மீறிப் பிழைத்தார்களா என்று சொல்லத்தக்க ஒப்பீடு எதுவும் நெடுங்காலம் நடக்கவில்லை. அனுபவம் மிக்க வைத்தியர்களின் அபிப்பிராயமே பிரமாணமாக இருந்தது.

அந்தப் படுக்கைகள் எத்தனை பேருக்குக் கிடைத்தன? சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளில், தேசம் முழுவதும் இருபத்தைந்து லட்சம் பேர் இந்நோயால் பீடிக்கப்பட்டிருப்பதாக மதிப்பிட்டார்கள். படுக்கைகளின் எண்ணிக்கையோ ஆயிரங்களைத் தாண்டவில்லை. வசதி படைத்தவன் மதனப்பள்ளிக்குப் போனான். வசதியற்றவன் தாம்பரத்தில் இடம் காலியாகும்வரை காத்திருந்து, பல சமயங்களில் காத்திருக்கும்போதே கண்ணை மூடினான். தமிழ்ச் சிறுகதையின் பிரம்மாக்களில் ஒருவரான புதுமைப்பித்தன் 1948 ஜூன் மாதத்தில் இந்நோய்க்கே இரையானார். அவருக்கு நாற்பத்திரண்டு வயதுதான் நிறைந்திருந்தது.

அவர் மறைந்து நான்கு மாதங்கள் கழிந்து, அக்டோபர் இறுதியில், பிரிட்டிஷ் வைத்தியச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்த அறிக்கை வைத்திய சாஸ்திரத்தின் போக்கையே மாற்றியது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புதிய மருந்தை 55 நோயாளிகளுக்குக் கொடுத்து, அதே நிலையிலிருந்த 52 பேரைப் படுக்கை ஓய்வில் மட்டும் வைத்துப் பார்த்ததில், ஆறு மாதங்களுக்குள் முதல் கூட்டத்தில் 4 பேரும் இரண்டாவது கூட்டத்தில் 14 பேரும் இறந்தார்கள் என்று அது தெரிவித்தது. இந்தக் கணக்கைக் காட்டிலும் முக்கியமானது அந்த இரு கூட்டங்களும் பிரிக்கப்பட்ட விதம். யாருக்கு மருந்து, யாருக்கு ஓய்வு என்பதை வைத்தியர் தீர்மானிக்கவில்லை. எழுந்தமான எண்களைக்கொண்டு முன்கூட்டியே குறிக்கப்பட்டு, ஒட்டி மூடிய உறைகளுக்குள் இருந்த சீட்டுகள் தீர்மானித்தன. எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு, எந்தப் படம் எந்தக் கூட்டத்தாருடையது என்பது தெரியாது. இந்த ஏற்பாட்டின் மூளையாக இருந்த பிராட்போர்டு ஹில் புள்ளிவிவர நிபுணர். முதல் உலகப் போரில் பணியாற்றச் சென்று க்ஷயரோகத்துடன் திரும்பி, படுக்கையில் காலத்தைக் கழித்து, அதனாலேயே வைத்தியராகும் ஆசையைக் கைவிட்டுத் தபால்மூலம் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவர். படுக்கை ஓய்வு என்பது இன்னதென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உயிர்காக்கும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவனுக்குக் கொடுத்து மற்றொருவனுக்கு மறுப்பது தர்மமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது. போரினால் பொக்கிஷம் வறண்டுபோன பிரிட்டனால் அமெரிக்காவிலிருந்து சொற்ப அளவு மருந்தைத்தான் வாங்க முடிந்தது. எல்லோருக்கும் கொடுக்க இயலாதபோது, சிபாரிசும் செல்வாக்கும் பங்கிடுவதைவிடச் சீட்டு பங்கிடுவது நியாயமானது என்பதே அதற்கு அளித்த விடை. அந்த விடையில் நான் குற்றம் காணவில்லை. பற்றாக்குறை, கொடியதாயினும், ஓர் அறிவார்ந்த கேள்விக்கு இடம் தந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் சென்னையிலும் இதே நியாயம், மருந்துக்குப் பதிலாகப் படுக்கையை முன்னிட்டு, மீண்டும் சொல்லப்பட்டது.

ஸ்ட்ரெப்டோமைசின் தனியாகக் கொடுக்கப்பட்டால் சில மாதங்களில் கிருமிகள் அதற்குப் பணிய மறுக்கின்றன என்பதும், செவியின் உட்பகுதியைத் தாக்கித் தலைசுற்றலை உண்டாக்குகிறது என்பதும் சீக்கிரத்திலேயே தெரிந்தன. சுருக்கமாகப் பாஸ் என வழங்கும் மற்றொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமிகளின் எதிர்ப்பு மட்டுப்படும் என்பது கண்டறியப்பட்டது. 1952-இல் ஐசோனியாசிட் வந்து சேர்ந்தது. மலிவானது, மாத்திரையாக விழுங்கத்தக்கது, வீரியம் மிக்கது. இவ்வாறு ஊசியின்றி வாய்வழியாகவே சிகிச்சையை நடத்தலாம் என்ற நிலை ஏற்பட்டவுடன், அதுவரை கேட்கத் துணியாத கேள்வி ஒன்று நம்மைப் போன்ற ஏழை தேசங்களின் முன் எழுந்து நின்றது: மருந்து இருக்குமானால், மஞ்சம் எதற்கு?

இதற்கு விடை காணும் பொருட்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை நிறுவின. தலைமை ஏற்க லண்டனிலிருந்து வந்த வாலஸ் பாக்ஸுக்கு அப்போது வயது நாற்பதுகூட ஆகவில்லை. கிருமி ஆராய்ச்சியில் டெனிஸ் மிச்சிசன் என்ற ஆங்கிலேயரின் ஆலோசனை கிடைத்தது. பிற்காலத்தில் வேட்டி ஜிப்பாவுடன் நம் தேசத்துப் பிரஜையாகவே வாழ்ந்த விஞ்ஞானி ஹால்டேனின் சகோதரி மகன் இவர் என்பது இடையில் சொல்லத்தக்க செய்தி. நிலையத்தின் அன்றாடப் பணியைச் சுமந்தவர்களோ தேவதத்தா, ராமகிருஷ்ணன், வேலு, கங்காதரம், ராதாகிருஷ்ணா முதலிய நம்மவர்கள். அறிக்கைகளின் தலைப்பில் அவர்கள் பெயர்களைக் காணலாம், பாடப்புத்தகங்களில் காண்பது அரிது.

நகரத்தின் மனநிலையும் அக்காலத்தில் சுமுகமாக இல்லை. முந்திய ஆண்டில்தான் ராஜாஜி, கிண்டியில் தயாராகும் பி.சி.ஜி. தடுப்பு மருந்தைக் குழந்தைகளுக்குக் குத்தக்கூடாதென்று வாதாடி ஒரு சிறு நூலே வெளியிட்டிருந்தார். அயல்நாட்டு வைத்தியர்கள் நம் மக்களை வைத்துப் பரீட்சை பார்க்கிறார்கள் என்ற பேச்சு எழுவதற்கு உகந்த சூழ்நிலை. இருந்தும் நிலையம் தன் முதற் சோதனையாகவே மிகவும் துணிச்சலான ஒன்றை எடுத்துக்கொண்டது.

நகரத்தின் ஏழைப் பகுதிகளில் வசித்த, சளியில் கிருமி தென்பட்ட, அதற்கு முன் மருந்து அதிகம் உட்கொண்டிராத நோயாளிகள் இருநூறு பேருக்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். சீட்டு விழுந்தபடி பாதிப்பேர் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பாதிப்பேர் தங்கள் வீடுகளிலேயே தங்கினார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பாஸும், ஓர் ஆண்டு முழுவதும், தினந்தோறும். சானடோரியத்தாருக்கு ஓய்வும் தாதியரின் கவனிப்பும் சத்துள்ள உணவும் கிடைத்தன. வீட்டிலிருந்தவர்களுக்கு அவர்களது ஒற்றை அறையும், அதில் கூடவே படுத்துறங்கிய குழந்தைகளும், கிடைத்த கஞ்சியும், செய்தே தீரவேண்டிய வேலையும் இருந்தன. நோயாளியை வீட்டில் விட்டுவைப்பது குடும்பத்துக்கே நஞ்சூட்டுவது அல்லவா என்று ஆட்சேபித்தவர்களுக்கு, நிலையத்தார் சொல்லக்கூடியது ஒன்றே: படுக்கைகள் போதாமையால் பெரும்பாலோர் எப்படியும் வீட்டில்தான் கிடக்கிறார்கள், மருந்தின்றிக் கிடப்பவர்கள் மருந்துடன் கிடக்கட்டும், என்ன நேர்கிறது என்பதை முறையாகப் பார்ப்போம்.

அந்த மருந்தை ஓராண்டு விழுங்குவது எளிதான காரியமன்று. பாஸ் என்பது மில்லிகிராம் கணக்கில் உட்கொள்ளும் பண்டமில்லை. நாளொன்றுக்குப் பத்து கிராம் அளவு உள்ளே போயாக வேண்டும். பொடியை மெல்லிய மாவுறைகளில் அடைத்துப் பெரிய வில்லைகளாகக் கொடுத்தார்கள். அவற்றை நீரில் நனைத்து ஒன்றன்பின் ஒன்றாக விழுங்க வேண்டும். குமட்டலும் வயிற்றுப்போக்கும் அதனுடன் பிறந்தவை. வாரந்தோறும் நிலையத்துக்கு வந்து மருந்தைப் பெற்றுச் செல்லும் நோயாளி, இரண்டு மூன்று மாதங்களில் இருமல் நின்று, ஜுரம் விட்டு, பசி எடுக்கத் தொடங்கியதும், இனி இந்த உபத்திரவம் எதற்கென்று வில்லைகளைச் சாக்கடையில் போட்டாலும் வியப்பதற்கில்லை.

ஆகவே சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பில்லாமல் வீடு தேடிச் சென்றார்கள். மீதமிருக்கும் வில்லைகளை எண்ணினார்கள். எண்ணிக்கை சரியாயிருந்தாலும் அதோடு நிற்கவில்லை. நோயாளியிடம் ஒரு குப்பியைக் கொடுத்து அந்த நேரத்திலேயே சிறுநீர் கேட்டு வாங்கிச் சென்றார்கள். அதில் பெரிக் குளோரைடு திராவகத்தின் சில துளிகளை விட்டால், பாஸ் உள்ளே போயிருக்குமானால் சிறுநீர் ஊதாச் சிவப்பாக மாறும், போகாவிட்டால் மாறாது. இந்தச் சிறு சோதனை, வாயால் ஆயிரம் சத்தியம் செய்தாலும் ஏற்காத சாட்சி. ஓரிடத்துக்கு மறுபடி மறுபடி செல்வதும், கூச்சப்படும் பெண்களிடம் பக்குவமாகப் பேசிக் குப்பியை வாங்குவதும், வீட்டுக்காரர் கண்ணில் படாமல் நோயை மறைத்து வாழ்பவர்களின் இரகசியத்தைக் காப்பதும் எத்தகைய சிரமம் என்பதைக் குடியிருப்புகள் நெருங்கிய நம் நகரத் தெருக்களை அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பாக்ஸ் 1958-இல் இதைப் பற்றியே, அதாவது நோயாளி தானாக மருந்து உட்கொள்வதிலுள்ள பிரச்சினையைப் பற்றியே, தனியாக ஒரு கட்டுரை எழுதினார். வைத்தியர்களின் ஊகம் எவ்வளவு நம்பத்தகாதது என்பதை அதற்குமுன் அவ்வளவு பொறுமையாக ஆராய்ந்தவர்கள் மிகச் சிலரே.

1959-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் முடிவுகள் வெளிவந்தன. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும் சளியில் கிருமிகள் மறைந்து நோய் அடங்கியிருந்தது. இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினது. சானடோரியத்து நோயாளிகள் உடல் எடையில் வீட்டாரைவிட மிகுதியாகப் பெருத்திருந்தார்கள். ஆனால் அந்தச் சதை நோயைத் தணிப்பதில் பங்கு கொண்டதாகத் தெரியவில்லை. உணவைப் பற்றித் தனியாகச் செய்த ஆராய்ச்சி 1961-இல் வெளியானபோது, சரியான மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுமானால் குறைந்த ஆகாரமுடையவனும் நிறைந்த ஆகாரமுடையவனும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைகிறார்கள் என்று அது காட்டிற்று. இதை எடுத்துக்கொண்டு ஏழைக்கு உணவு வேண்டியதில்லை என்று வாதிப்பவன் அறிக்கையைப் படிக்காதவன்.

எல்லோரும் அஞ்சிய கேள்வி குழந்தைகளைப் பற்றியது. இரு சாராரின் குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து 1966-இல் அறிவித்த முடிவு, நோயாளி வீட்டில் தங்கியதனால் அக்குடும்பத்தில் நோய் அதிகமாகப் பரவவில்லை என்பது. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, மருந்தில்லாமல் இருமிக்கொண்டிருந்த மாதங்களிலேயே, தொற்ற வேண்டியது பெரும்பாலும் தொற்றிவிட்டிருந்தது. மருந்து தொடங்கியதும் தொற்றும் சக்தி விரைவில் குன்றியது. ஐந்தாண்டுக்குப் பின் நோயாளிகளின் நிலையிலும் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை.

ஒரு நூற்றாண்டாகப் பிரமாணமாக விளங்கிய மூன்று விதிகள் இவ்வாறு ஒரே சோதனையில் சாய்ந்தன. சானடோரியத்தை விட்டு வைத்தியர் சம்மதமின்றி வீடு திரும்பியவர்களும் சிலர் உண்டு. மனைவி மக்களைப் பிரிந்து, சம்பாத்தியத்தை இழந்து, ஓராண்டு படுத்திருப்பது என்பது குணமாகும் நோய்க்குக் கொடுக்கும் மிகப் பெரிய விலை என்பதை அவர்கள் எந்தப் புள்ளிவிவரமும் இன்றியே அறிந்திருந்தார்கள். மேலைநாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்குச் சென்னையின் இந்த அறிக்கை ஒரு முக்கிய காரணம்.

அடுத்து நிலையம் மேற்கொண்ட சோதனையில், பாஸ் வாங்கவும் வசதியற்ற தேசங்களுக்காக, ஐசோனியாசிட்டை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே ஓர் ஆபத்து தலைகாட்டியது. அதிக அளவில் மருந்து உட்கொண்டவர்களில் சிலருக்குப் பாதங்களில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றின; காலை ஊன்றி நடப்பதே துன்பமாயிற்று. மருந்தை மனித உடல் ஒரே வேகத்தில் செயலிழக்கச் செய்வதில்லை; சிலருடைய உடல் விரைவாகவும் சிலருடைய உடல் மெதுவாகவும் அதைச் செய்கிறது; மெதுவாகச் செய்பவர்களையே இந்த நரம்பு வீக்கம் பெரும்பாலும் தாக்கியது. பிரிடாக்ஸின் என்ற பி வகை வைட்டமினைச் சிறிய அளவில் கூடவே கொடுத்தால் இந்தத் துன்பம் வராமல் தடுக்கலாம் என்பதும் அங்கேயே பின்னர் ஸ்தாபிக்கப்பட்டது. குணமாக்கியவர்களின் கணக்கைப் பெருமையுடன் வெளியிடும் ஸ்தாபனங்கள் பல. தங்கள் மருந்தே விளைவித்த தீங்கை நோயாளி நோயாளியாக எண்ணி, காரணம் தேடி, பரிகாரத்தையும் சோதித்து அச்சிட்ட நேர்மைக்காகவே இந்த நிலையத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்தப் பரிகாரம் மற்றொரு வழியையும் திறந்தது. வைட்டமின் துணையிருப்பதால் ஐசோனியாசிட்டை உயர்ந்த அளவில் கொடுக்கலாம். அவ்வாறு கொடுத்தால் தினந்தோறும் வேண்டாம், வாரம் இருமுறை போதுமா? போதுமானால் நோயாளியை நிலையத்துக்கே வரவழைத்து, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைப் போட்டு, மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கச் செய்து அனுப்பலாம். சிறுநீர்க் குப்பியுடன் தெருத்தெருவாக அலைய வேண்டியதில்லை. 1964-இல் வெளிவந்த முடிவு, இந்த முறை தினசரி மருந்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்று காட்டியது.

ஆனால் தேசம் எதை எடுத்துக்கொண்டது? 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், படுக்கை தேவையில்லை என்ற முதற்பாதியை ஆர்வத்துடன் ஏற்றது. அது செலவைக் குறைக்கும் செய்தி. வீடு தேடிச் செல்லும் பணியாளரும், மீந்த வில்லையை எண்ணும் கண்ணும், கண்ணெதிரே விழுங்கச் செய்யும் ஏற்பாடும் வேண்டும் என்ற மறுபாதி செலவைக் கூட்டும் செய்தியாதலால், காகிதத்தோடு நின்றது. மாதத்துக்கான மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார்கள். நோயாளி திரும்பி வராவிட்டால் ஒரு தபால் கார்டு போட்டார்கள். 1992-இல் இத்திட்டத்தை மறுபரிசீலனை செய்தபோது, சிகிச்சை தொடங்கியவர்களில் பாதிப்பேர்கூட அதை முடிக்கவில்லை என்பது வெளிப்பட்டது.

மறு ஆண்டு சில இடங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, பின்னர் தேசம் முழுவதும் விரிந்த புதிய திட்டம், மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாளாகப் பணியாளரின் கண்ணெதிரே விழுங்கச் செய்வதை முக்கிய அங்கமாகக் கொண்டது. டாட்ஸ் என்ற பெயருடன், வெளிநாட்டு நிபுணர்களின் சிபாரிசாக, ஒரு புதிய கண்டுபிடிப்பைப் போல அது நமக்கு அறிமுகமாயிற்று. அதன் மூலக்கூறு சேத்துப்பட்டில் சோதித்து முடிக்கப்பட்டு அச்சேறி அப்போது இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.